இரத்தக் கொதிப்பும் உயிர்க் கணக்கும்

(நமது சங்கத்தின் மாதக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)

    

இன்று நாம் பேச எடுத்துக்கொண்ட பொருள் இரத்தக் கொதிப்பு. தமிழ் கற்பிப்போர்க்கும் இரத்தக் கொதிப்புக்கும் யாது தொடர்பு என்று சிலர் எண்ணக்கூடும். மருந்து கொடுப்பது மருத்துவர் தொழில். அதில் நாம் தலையிடப் புகவில்லை. ஆனால் ஒரு சொல்லின் பொருளை ஆராய்வது தமிழாசிரியர்க்கு உரிய தொழிலேயாம். நாம் ஆராயப் புகுந்த சொல் ‘திடீர்’ என்பது.

நம் மாத இதழின் கடைசிப் பக்கங்களில் மறைந்த அன்பர்களைப் பற்றிய செய்திகள் வெளிவருகின்றன. ‘திடீரென மாரடைப்பால் காலமானார்’, ‘திடீரென ஏற்பட்ட பக்கவாதத்தால் இயற்கை எய்தினார்’ என்னும் வாசகங்களை அங்கே அடிக்கடி காண்கின்றோம். அவ்வாறு மறைந்தோருட் பலர் ஐம்பது அகவையைச் சுற்றியோர். கடை நடத்தினோர், கணக்கு எழுதினோர், ஆலையில் உழைத்தோர். தலைவர் மறைந்தபின் கடை மூடப்படுகின்றது. மகளின் படிப்பு இடையில் நிற்கின்றது. இத்துணைத் துன்பத்திற்கும் காரணமான மரணம் உண்மையிலேயே திடீரென வந்ததா என்பதே நமது கேள்வி.

சிவகாசிப் பகுதியில் உள்ளோர்க்கு இக்கேள்வியின் கருத்து எளிதில் விளங்கும். ஓர் ஆலையில் வெடி விபத்து நேர்ந்தால், வெளியூரார் ‘திடீரென வெடித்தது’ என்பர். தொழில் அறிந்தோர் அவ்வாறு சொல்லார். அறையில் மருந்து எவ்வளவு இருந்தது, உராய்வு எங்கே நேர்ந்தது, வெயில் எப்படி, உள்ளே எத்தனை பேர் இருந்தனர் என்றே வினவுவர். இவற்றுள் ஒன்று மட்டும் மிகுந்திருந்தால் ஒருகால் தப்பலாம். எல்லாம் ஒருங்கே மிகுந்தால் தப்புதல் அரிது. ஓர் அறையில் இத்தனை பேர்தாம், இவ்வளவு மருந்துதான் என்று சட்டம் வரையறுத்திருப்பதும் இக்கணக்கினாலேயே. ஓசை ஒரு நொடியில் எழுகின்றது. அதற்குரிய காரணங்கள் முன்னரே கூடிவிடுகின்றன. மாரடைப்பும் பக்கவாதமும் பெரும்பாலும் இத்தன்மையனவே. அவற்றின் காரணங்கள் பத்து ஆண்டு, இருபது ஆண்டுகளாகச் சேர்பவை. சேருங்கால் அவற்றை அளக்கவும் கணக்கிடவும் இயலும்.

அக்கணக்கு எவ்வாறு தோன்றியது என்பதை முதலிற் காண்போம்.

இரத்த அழுத்தத்தைக் கையில் பட்டை கட்டி அளக்கும் கருவியை 1896இல் இத்தாலி நாட்டு ரிவா-ரோச்சி என்பார் அமைத்தார். 1905இல் ருஷிய நாட்டு டாக்டர் கொரொட்கோவ், அதனோடு செவிக்குழாய் வைத்துக் கேட்டு மேல் எண், கீழ் எண் ஆகிய இரண்டையும் குறிக்கும் முறையைக் கண்டார். இவ்வெண்கள் ஆயுளைப் பற்றியும் பேசுவன என்று முதன்முதல் கருத்தூன்றிக் கவனித்தோருள் அமெரிக்க ஆயுள் இன்ஷ்யூரன்ஸ் கம்பெனிகளும் உண்டு. யார் முன்னதாக இறப்பார் என்பதைத் தெரிந்துகொண்டாலன்றி அவர்கட்கு வியாபாரம் இல்லை. அழுத்தம் மிகுந்தோர் விரைவில் மாண்டனர் என்பது அவர்கள் ஏட்டிலே தெரிந்தது. வணிகக் குடியிற் பிறந்த நமக்கு இது வியப்பன்று. பேரேடு பொய் சொல்லாது.

ஆயினும் மருத்துவ உலகம் இதனை முழுதும் ஏற்க நெடுங்காலம் ஆயிற்று. முதுமையில் அழுத்தம் கூடுவது இயல்பு என்றே பலரும் கருதியிருந்தனர். அமெரிக்க ஜனாதிபதி ரூஸ்வெல்ட்டுக்கு 1944 மார்ச் மாதத்தில் அளந்தபோது 186க்கு 108 என்று இருந்தது. அவருடைய உடல்நிலை வயதுக்கு ஏற்றவாறு நன்றாகவே உள்ளது என்று ஜனங்களுக்குக் கூறப்பட்டு வந்தது. 1945 ஏப்ரல் 12ஆம் நாள், தமது 63ஆம் அகவையில், மூளையில் இரத்தம் கசிந்து அவர் மாண்டார். அன்று அவருடைய மேல் எண் 300ஐ எட்டியிருந்தது. உலகப் பெரும் போரை நடத்திய தலைவருக்கும் அக்காலத்தில் ஏற்ற மருந்து இல்லை. இன்று விருதுநகர் மாவட்டத்தின் எந்த ஆரம்ப சுகாதார நிலையத்திலும் அதற்குரிய மாத்திரை விலையின்றிக் கிடைக்கின்றது. இவ்வேறுபாட்டை நாம் நினைவில் இருத்துதல் வேண்டும்.

மூன்று ஆண்டுகள் கழித்து, 1948இல், அந்நாட்டில் பாஸ்டன் நகருக்கு அருகிலுள்ள ஃபிராமிங்ஹாம் என்னும் ஊரில் ஒரு பெரும் ஆராய்ச்சி தொடங்கிற்று. 30 முதல் 62 வயது வரையுள்ள ஆடவரும் பெண்டிரும் 5,209 பேரைத் தேர்ந்து, அவர்கள் நோயுறுமுன்னரே உடலை அளந்து குறித்துவைத்தனர். பின்பு இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை அவர்களைச் சோதித்து, யாருக்கு என்ன நேர்ந்தது என்று எழுதி வந்தனர். அவ்வேட்டிலிருந்தே, இரத்த அழுத்தம், கொலஸ்டரால், புகைபிடித்தல், நீரிழிவு, வயது ஆகியவை சேர்ந்து இதய நோயை வருவிக்கின்றன என்பதும், ஒவ்வொன்றும் எவ்வளவு சேர்க்கின்றது என்பதும் தெளிவாயின. நோய் வந்தபின் ஆராய்வதை விட்டு, நோய் வருமுன் எண்ணிவைத்ததே அவ்வாராய்ச்சியின் சிறப்பு.

பின்னர் பல நாடுகளில் இத்தகைய ஏடுகள் பெருகின. ஏறத்தாழ பத்து இலட்சம் பேரைப் பற்றிய 61 ஆராய்ச்சிகளை ஒன்றுசேர்த்து 2002இல் ஒரு முடிவு வெளியிட்டனர். 40 முதல் 69 வயது வரையுள்ளோர்க்கு மேல் எண் 20 கூடுந்தோறும், பக்கவாதத்தாலோ இதயக் குழாய் நோயாலோ இறக்கும் வாய்ப்பு இரண்டு மடங்காகின்றது என்பதே அம்முடிவு. 115 உள்ளோர்க்கு ஒரு பங்கு என்றால் 135 உள்ளோர்க்கு ஏறத்தாழ இரண்டு பங்கு. 155 உள்ளோர்க்கு நான்கு. 175 உள்ளோர்க்கு எட்டு. இது தனி வட்டி போல் ஏறுவதன்று. வட்டிக்கு வட்டி போல் ஏறுவது. ‘சிறிதுதான் கூடியிருக்கிறது’ என்று சொல்லிக் கைவிடுவோர் இதனைச் சிந்தித்தல் வேண்டும்.

அயல்நாட்டாரை எண்ணிய கணக்கு நமக்குப் பொருந்துமோ என்று ஒருவர் ஐயுறலாம். அவ்வையம் தக்கதே. அதற்கு விடை நம் தமிழ்நாட்டிலேயே உண்டு. 1998 முதல் 2001 வரையில் சென்னையில் 35 வயதும் அதற்கு மேலும் உள்ள ஐந்து இலட்சத்துக்குச் சற்று மேற்பட்ட மக்களை வீடு வீடாகச் சென்று கண்டு, இரத்த அழுத்தமும் உடல் எடையும் அளந்தனர். டாக்டர் கஜலட்சுமியும், இங்கிலாந்து ஆக்ஸ்போர்டு சர்வகலாசாலையாரும் இதில் ஈடுபட்டனர். பல்லாண்டுகள் கழித்து மீண்டும் சென்று, இறந்தோர் எவர், எக்காரணத்தால் இறந்தனர் என்று குடும்பத்தாரை விசாரித்து எழுதினர். 2018இல் வெளிவந்த அதன் முடிவும், அழுத்தம் ஏற ஏற இதய நோயாலும் பக்கவாதத்தாலும் நேரும் மரணம் மிகுகின்றது என்பதே. ஆகவே இது வெள்ளையர்க்கு மட்டும் உரிய நோய் என்னும் பேச்சுக்கு இடமில்லை.

இனி, இச்சொற்பொழிவின் முக்கியமான பகுதிக்கு வருகின்றோம். இரத்த அழுத்தம் ஒன்றை மட்டும் கொண்டு ஒருவருடைய அபாயத்தை அறிந்துவிட முடியாது.

இருவரை எடுத்துக்கொள்வோம். இருவர்க்கும் மேல் எண் 150. ஒருவர் 42 வயதுள்ள ஒரு தாய்; நீரிழிவு இல்லை, புகையிலைப் பழக்கம் இல்லை, கொலஸ்டராலும் அளவாக உள்ளது. மற்றவர் 62 வயதுள்ள ஒரு வணிகர். நீரிழிவு உண்டு, பீடிப் பழக்கமும் உண்டு, கொலஸ்டராலும் மிகுதி. கருவி இருவர்க்கும் ஒரே எண்ணைத்தான் காட்டும். ஆயின் அடுத்த பத்து ஆண்டுகளில் மாரடைப்போ பக்கவாதமோ வரும் வாய்ப்பு, முதல்வரைப் போன்ற நூறு பேரில் ஐவர்க்கும் குறைவு. இரண்டாமவரைப் போன்ற நூறு பேரில் இருபதின்மர்க்கும் மேல். பட்டாசு அறையில் வெயிலும் உராய்வும் மருந்தின் மிகுதியும் ஒன்றையொன்று வளர்ப்பது போல, உடலிலும் இக்காரணங்கள் ஒன்றையொன்று பெருக்குகின்றன.

இவற்றைச் சேர்த்துக் கணக்கிடவே அட்டவணைகள் ஏற்பட்டன. 2003இல் ஐரோப்பியர் வெளியிட்ட அட்டவணை, இரண்டு இலட்சத்துக்கு மேற்பட்டோரின் ஏடுகளைக் கொண்டு, பத்து ஆண்டுக்குள் இதய நோயாலும் பக்கவாதத்தாலும் இறக்கும் வாய்ப்பை மட்டும் சொல்லிற்று. இறந்தாரை மட்டும் எண்ணினால், உயிர் தப்பிப் படுக்கையிற் கிடப்பாரைக் கணக்கில் விட்டதாகும். கை கால் விளங்காதவரைப் பேணும் குடும்பத்தின் துன்பம் நம்மில் பலர் அறிந்ததே. ஆதலின் 2021இல் அதனைத் திருத்தி, பிழைத்தோரையும் சேர்த்தனர். உலக சுகாதார ஸ்தாபனம் 2019இல் திருத்தி அமைத்த அட்டவணையும் இரண்டையும் சேர்த்தே எண்ணுகின்றது. அது உலகை 21 பகுதிகளாகப் பிரித்து, அந்தந்தப் பகுதியின் நோய் வீதத்திற்கு ஏற்ப வகுக்கப்பட்டது. 40 முதல் 74 வயது வரையுள்ளோர்க்கு உரியது. வயது, ஆணா பெண்ணா, புகைபிடிப்பவரா, மேல் எண் யாது, நீரிழிவு உண்டா, கொலஸ்டரால் எவ்வளவு என்னும் ஆறு வினாக்களே அதற்கு வேண்டுவன. இரத்தம் சோதிக்க வசதி இல்லாதவிடத்து, நீரிழிவுக்கும் கொலஸ்டராலுக்கும் பதிலாக உயரத்தையும் எடையையும் கொண்டு பார்க்க வேறோர் அட்டவணையும் உண்டு. விடை நூற்றுக்கு ஐந்துக்குக் கீழ், ஐந்து முதல் பத்து, பத்து முதல் இருபது, இருபது முதல் முப்பது, முப்பதும் அதற்கு மேலும் என ஐந்து நிறங்களாகக் காட்டப்படும்.

இங்ஙனம் கணக்கிடுவதால் விளையும் பயன் யாது? வணிகர்க்கு விளங்கும் உவமை ஒன்று கூறுவோம். 2016இல் வெளிவந்த ஒரு தொகுப்பு ஆராய்ச்சி, ஆறு இலட்சம் பேரிடம் நடந்த மருந்துச் சோதனைகளைச் சேர்த்து நோக்கிற்று. மேல் எண்ணை 10 குறைத்தால் மாரடைப்பு, பக்கவாதம் முதலிய பெருந்துன்பங்கள் ஐந்தில் ஒரு பங்கு குறைகின்றன. பக்கவாதம் தனியே நூற்றுக்கு 27 குறைகின்றது. எல்லாக் காரணங்களாலும் நேரும் மரணம் நூற்றுக்கு 13 குறைகின்றது என்பது அதன் முடிவு. இவ்வீதம் ஏறத்தாழ எல்லார்க்கும் ஒன்றே. ஆனால் வட்டி வீதம் ஒன்றாயினும் முதல் வேறானால் வரவு வேறன்றோ! நூற்றுக்கு முப்பது அபாயம் உள்ளோர்க்கு ஐந்தில் ஒன்று குறைந்தால் இருபத்து நான்காகின்றது. நூறு பேரில் அறுவர் காக்கப்படுகின்றனர். நூற்றுக்கு மூன்று அபாயம் உள்ளோர்க்கு அதே வீதம் குறைந்தால் நூறு பேரில் ஒருவர்கூட முழுமையாகக் காக்கப்படுவதில்லை. ஆகவே அபாயம் மிக்கார்க்கு விரைந்தும் வலிந்தும் சிகிச்சை செய்தல் வேண்டும். கொதிப்பு மாத்திரையோடு கொலஸ்டராலைக் குறைக்கும் மாத்திரையும் வேண்டுமோ என்று மருத்துவர் தீர்மானிப்பதும் இக்கணக்கைக் கொண்டே.

இதனைக் கேட்டுச் சிலர், ‘நம் கணக்குக் குறைவு, ஆதலின் மாத்திரை வேண்டா’ என்று முடிவு கட்டுதல் கூடாது. வேறு வேறு நாட்களில் அளந்தும் 140க்கு 90 அல்லது அதற்கு மேல் நின்றால், கணக்கு எதுவாயினும் மருந்து தொடங்குக என்றே உலக சுகாதார ஸ்தாபனம் 2021இல் அறிவுறுத்தியது. முன்னரே மாரடைப்போ பக்கவாதமோ வந்தவர்க்கு அட்டவணையே வேண்டியதில்லை. அவர் அபாயம் மிக்கவர் என்பது தெளிந்த செய்தி.

இளைஞர்க்கு ஓர் எச்சரிக்கை. பத்தாண்டுக் கணக்கில் வயதே பெரும் பங்கு பெறுவதால், முப்பதிலும் நாற்பதிலும் உள்ளோர்க்கு விடை எப்போதும் சிறிதாகவே வரும். அவர் வாழவேண்டிய ஆண்டுகளோ மிகப் பல. பத்தாண்டுக்குரிய சிறு தொகையைக் கண்டு மகிழ்ந்து, முப்பதாண்டுக் கடனை மறத்தல் அறிவுடைமை ஆகாது. அன்றியும் தெற்காசிய மக்களுக்கு முதல் மாரடைப்பு மற்ற நாட்டாரைவிட ஐந்தாறு ஆண்டுகள் முன்னரே வருகின்றது என்று 52 நாடுகளில் நடந்த ஆராய்ச்சியிலிருந்து 2007இல் எடுத்துக் காட்டினர். நம்மவர் நடு வயதிலேயே விழித்துக்கொள்ளல் வேண்டும் என்பதே இதன் கருத்து.

இக்கணக்கைச் சோதிடம் என்று கொள்ளவும் வேண்டா. நூற்றுக்கு இருபது என்றால், ஒத்த நூறு பேரில் இருபதின்மர்க்கு நேரும் என்பதே பொருள்; அவ்விருபதின்மர் யார் என்று அட்டவணை சொல்லாது. ஆனால் சாதகக் கட்டத்தை எவராலும் மாற்ற இயலாது. இக்கட்டத்தை மாற்ற இயலும். வயதையும் பிறப்பையும் விடுத்தால், எஞ்சிய யாவும் பெரும்பாலும் நம் கையில் உள்ளவை. திருக்குறளில் ஊழைப் பற்றி ஓர் அதிகாரம் வகுத்த பெருமானே ஆள்வினையுடைமைக்கும் ஓர் அதிகாரம் வகுத்தார். மருந்துக்கும் ஓர் அதிகாரம் வைத்தார். ஊழ் என்று சொல்லிக் கைகட்டி இருக்குமாறு அவர் நம்மை விடவில்லை.

நம் நிலை இப்பொழுது எவ்வாறு உள்ளது? 2020இல் தமிழ்நாட்டில் நடந்த கணிப்பில், வளர்ந்தோரில் ஏறத்தாழ மூவரில் ஒருவர்க்கு இரத்தக் கொதிப்பு இருந்தது. அவ்வாறு உள்ளோருள் அழுத்தம் கட்டுக்குள் இருந்தவர் பத்தில் ஒருவர்க்கும் குறைவு. இத்துணை மலிவான மருந்து இருந்தும் இந்நிலை ஏன்? நம் தெருக்களில் வழங்கும் மூன்று சொற்களே பெருங்காரணம் என்போம்.

முதலாவது, ‘எனக்கு ஒன்றும் செய்யவில்லை’ என்பது. தலைவலியும் மயக்கமும் பெரும்பாலோர்க்கு வருவதில்லை; கொதிப்பு ஓசையின்றி உள்ளிருப்பது. அளந்தாலன்றித் தெரியாது.

இரண்டாவது, ‘மாத்திரையைத் தொடங்கினால் விட முடியாது’ என்பது. விட முடியாதது நோய், மாத்திரையன்று. அழுத்தம் இறங்கியது மாத்திரையால் என்பதை மறந்து, ‘இறங்கிவிட்டதே’ என்று நிறுத்துவோர், கூரை ஒழுகவில்லை என்று ஓட்டைப் பிரித்தாரை ஒப்பர். குறைப்பதோ மாற்றுவதோ மருத்துவரைக் கேட்டே செய்தல் வேண்டும்.

மூன்றாவது, ‘வயதானால் கூடத்தான் செய்யும்’ என்பது. கூடுவது உண்மை; கூடியதால் தீங்கில்லை என்பது பொய். வயது ஏறுந்தோறும் அபாயமும் ஏறுகின்றது என்பதையே அட்டவணை காட்டுகின்றது.

தாய்மார்களுக்கு ஒரு வார்த்தை தனியே சொல்லுதல் வேண்டும். கணவர்க்கும் மாமனார்க்கும் வேளை தவறாது மாத்திரை எடுத்துக் கொடுப்போர், தம் கையில் ஒருநாளும் பட்டை கட்டி அளந்து பார்ப்பதில்லை. தீப்பெட்டி ஆலைகளிலும் பட்டாசு ஆலைகளிலும் உழைக்கும் பெண்டிர் பலரும் அவ்வாறே. பெண்ணுக்கு மாரடைப்பு வாராது என்பது தவறான எண்ணம்.

இனிச் செய்யத்தக்கன சில கூறி அமைவோம்.

அளப்பது ஒழுங்காக அளத்தல் வேண்டும். அதற்கு முன் அரைமணி நேரம் காப்பியும் பீடியும் கூடா. ஐந்து நிமிஷம் முதுகு சாய்த்து அமைதியாக அமர்ந்து, கையை நெஞ்சின் மட்டத்தில் வைத்து, பேசாதிருந்து, இருமுறை அளத்தல் வேண்டும். மாடிப்படி ஏறி வந்த வேகத்தில் அளந்த எண் கணக்குக்கு உதவாது. முதலில் எழுதும் எண் பிழைபட்டால் ஐந்தொகை முழுதும் பிழைபடும்.

உப்பு நாளொன்றுக்கு 5 கிராமுக்குக் குறைவாக, அதாவது ஒரு சிறு தேக்கரண்டிக்குள், இருத்தல் வேண்டும் என்பது உலக சுகாதார ஸ்தாபனத்தின் அளவு. ஊறுகாய், அப்பளம், கருவாடு ஆகியவற்றோடு சாத்தூர்க் காராச்சேவும் விருதுநகர் எண்ணெய்ப் பரோட்டாவும் நம் ஊர்ப் பெருமைகள். பெருமையை நாள்தோறும் உண்ண வேண்டுவதில்லை. பட்டாசு ஆலைக்குள் நெருப்புப்பெட்டியையும் பீடியையும் கொண்டு செல்லல் ஆகாது என்பதை எந்தத் தொழிலாளியும் அறிவார். தம் நெஞ்சறைக்கு மட்டும் அக்காவலை ஏன் வைக்கவில்லை?

அரசாங்க ஏற்பாடுகளையும் கூச்சமின்றிப் பயன்படுத்துதல் வேண்டும். கொதிப்பு, நீரிழிவு ஆகியவற்றுக்கு வீடு தேடி வந்து அளந்து மாத்திரை கொடுக்கும் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ 2021 ஆகஸ்டு 5ஆம் நாள் தொடங்கப்பட்டது. விருதுநகரில் அரசு மருத்துவக் கல்லூரி 2022 ஜனவரியில் திறக்கப்பட்டது. ‘தர்ம ஆஸ்பத்திரி மாத்திரை வேலை செய்யாது’ என்னும் பேச்சு வசதி படைத்தோரிடத்தில் உண்டு. உட்கொள்ளாத விலையுயர்ந்த மாத்திரையைவிட, நாள்தோறும் உட்கொள்ளும் இலவச மாத்திரை நன்று.

இறுதியாகச் சங்கத்தார்க்கு ஒரு விண்ணப்பம். மகமை என்னும் முறையால் வியாபாரத்தில் ஒரு சிறு பங்கை ஒதுக்கிக் கோயிலும் பள்ளியும் கண்டவர் நம் முன்னோர். காமராசர் பயின்ற பள்ளி, வீடுதோறும் ஒதுக்கிய பிடியரிசியால் வளர்ந்தது. ஒரு பிடி அரிசி ஒரு வீட்டிற்குச் சுமையன்று. எல்லா வீடுகளும் சேர்ந்தபோது அது பள்ளியாயிற்று. அவ்வழியில் ஒவ்வோர் உறவின்முறையும் நல்ல அளவுக் கருவி ஒன்றை வாங்கி வைக்கலாம். மூன்று மாதத்துக்கு ஒருமுறை முப்பது வயதுக்கு மேற்பட்ட ஆடவர் பெண்டிர் அனைவர்க்கும், நம் கடைகளிலும் ஆலைகளிலும் பணிபுரியும் எல்லாச் சமூகத்தார்க்கும், அளக்க ஏற்பாடு செய்யலாம். குடும்பத்துக்கு ஒரு குறிப்பேடு வைத்து, ஆறு வினாக்களின் விடையையும் அதில் எழுதலாம். நாற்பது கடந்தோர் அவ்வேட்டை மருத்துவரிடம் காட்டித் தம் பத்தாண்டுக் கணக்கைக் கேட்டறியலாம். மாத்திரையை நிறுத்தியோர் யார் என்று அறிந்து, பழிக்காமல், அன்போடு வினவலாம். இதற்குப் பெரும் பொருள் வேண்டா. விடாமுயற்சி ஒன்றே வேண்டும்.

நாள் முடிவில் கல்லாப் பெட்டியை எண்ணாது கடையைப் பூட்டும் வழக்கம் நம்மிடம் இல்லை. ஒரு ரூபாய் குறைந்தாலும் விளக்கை ஏற்றிக் கணக்குப் பார்ப்போம். அத்தகைய நாம் உயிர்க் கணக்கை மட்டும் எழுதாது விடுதல் முறையோ? வரும் தைக்குள் ஒவ்வொரு வீட்டிலும் இக்குறிப்பேட்டின் முதற்பக்கம் எழுதப்பெறுக. அனைவரும் நீடு வாழ்க!